கப்பித்தானின் குதிரைகள்

கீழவைப்பார் கரையில் நின்றால் வடக்கே வேம்பார், தெற்கே தருவைக்குளம், அதையும் தாண்டினால் தூத்துக்குடி. ஒட்டினாற்போல் சிப்பிகுளம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து கரிசல் காட்டை நனைத்துக்கொண்டு வரும் வைப்பாறு இங்கேதான் கடலோடு சேர்கிறது. ஆண்டில் பல மாதம் அது சேர்வதில்லை. மணல் மேடு குறுக்கே படுத்துக்கொள்ளும். கடலுக்குள் தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. தெற்கே காரைச்சல்லி. வடக்கே வேம்பாருக்கு நேரே இருக்கும் தீவுகளில் ஒன்றுக்கு உப்புத்தண்ணித் தீவு என்று பெயர், இன்னொன்றுக்கு நல்லதண்ணித் தீவு. வலைக்குப் போனவன் எங்கே இறங்கினால் பிழைப்பான், எங்கே இறங்கினால் நாக்கு வறண்டு சாவான் என்பதைத்தான் இந்தப் பெயர்கள் சொல்கின்றன.

இந்தத் தண்ணீர்க் கணக்கு உயிர்க்கணக்கான ஒரு மாதம் உண்டு. 1544 செப்டம்பர். அந்த மாதம் 5ஆம் தேதி, ஆலந்தலையிலிருந்த பிரான்சிஸ் சவேரியார் தம் தோழர் மான்சிலாசுக்கு அவசரமாக ஒரு கடிதம் எழுதினார். தூத்துக்குடியிலிருந்த போர்த்துக்கீசியக் கப்பித்தானின் கப்பல் எரிக்கப்பட்டுவிட்டது, கரையிலிருந்த வீடுகளும் எரிந்துவிட்டன, அவர் தீவுகளுக்கு ஓடி ஒதுங்கியிருக்கிறார். புன்னைக்காயல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு, தோணிகளில் எவ்வளவு தண்ணீர் ஏற்ற முடியுமோ அவ்வளவையும் ஏற்றிக்கொண்டு உடனே போங்கள் என்பது அதன் சாரம். பட்டங்கட்டிகள் எனப்பட்ட ஊர்த்தலைவர்களில் கொம்புத்துறையாருக்கும் வேம்பாராருக்கும் உதவி கேட்டுத் தனியே ஆள் அனுப்பினார். கப்பித்தானோடு தூத்துக்குடிப் பரதவர்களும் வீடு வாசலை விட்டுவிட்டுத் தீவுகளில் கிடந்தார்கள். சோறும் இல்லை, குடிக்கத் தண்ணீரும் இல்லை.

அந்தக் கப்பித்தானின் பெயர் கோஸ்மே டி பைவா. அவர் மேல் வரலாறு சுமத்தியிருக்கும் குற்றம் குதிரை விற்றது. போர் நடந்துகொண்டிருந்தபோது, போரில் இறங்கியிருந்த ஓர் அரசருக்கு, தம் சொந்த லாபத்துக்காக விற்றார். முத்துக் குளிக்கும் கரையில் ஒரு படைத்தலைவர் ஏன் குதிரை விற்றார்? அது ஒரு தனிமனிதனின் பேராசையா, அல்லது அந்தப் பதவியே அப்படி அமைந்திருந்ததா? அந்த வியாபாரத்துக்கு விலை கொடுத்தவர்கள் யார்? இந்தக் கேள்விகளைப் பலரும் தொட்டிருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் சவேரியாரின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு கிளைக்கதையாகத்தான் தொட்டிருக்கிறார்கள். கரையில் இருந்தவர்கள் பக்கம் நின்று இதைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலில் குதிரை. தென்னாட்டு வெயிலும் தீவனமும் போர்க்குதிரைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கொள்ளும் புல்லும் போட்டு வளர்த்தாலும் அரபுக் குதிரையின் எலும்பும் மூச்சும் இங்கே பிறந்த குட்டிக்கு வாய்க்கவில்லை. ஆகவே தமிழ் அரசர்கள் காலங்காலமாகக் கடல் வழியாகவே குதிரை வாங்கினார்கள். காவிரிப்பூம்பட்டினத் துறையில் கடல் தாண்டி வந்து இறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை சொல்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் கோயிலுக்குக் கொடை கொடுத்தவர்களாக வருகிறார்கள்.

பாண்டியர் காலத்தில் இந்த வியாபாரத்தின் வாசல் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்திலிருந்த காயல். கீழவைப்பாரிலிருந்து தெற்கே, ஒரே கரை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், கிஷ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரை ஏற்றிவரும் கப்பல்களெல்லாம் காயலில் நிற்பதைப் பதிவு செய்கிறார். ஆண்டு முழுதும் வாங்கிக்கொண்டே இருந்தும் அடுத்த ஆண்டுக்குள் பெரும்பாலானவை செத்துவிடுகின்றன, இங்குள்ளவர்களுக்குக் குதிரையைப் பேணத் தெரியவில்லை, இறைச்சி கலந்த சோற்றைப் போடுகிறார்கள் என்கிறார். குதிரை விற்கும் வணிகர்கள் லாடம் கட்டுபவரையும் மருத்துவம் பார்ப்பவரையும் இங்கே வரவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் அவர் எழுத்தில் இருக்கிறது.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் கணக்கு இன்னும் துல்லியமானது. கிஷ் தீவின் வணிகர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை மாபாருக்கு, அதாவது பாண்டிய நாட்டுக் கரைக்கு, அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். பிற துறைகளையும் சேர்த்தால் 10,000. ஒரு குதிரை சராசரி 220 செம்பொன் தினார். வழியில் செத்த குதிரைக்கும் பாண்டியர் கருவூலம் விலை கொடுத்தது. அந்த ஜமாலுத்தீனின் உடன்பிறந்தவர் தகியுத்தீன்தான் பாண்டியர் அவையில் அமைச்சராகவும் துறைமுகப் பொறுப்பாளராகவும் இருந்தார். விற்பவர் அண்ணன், வாங்கும் அரசின் சார்பில் கையெழுத்திடும் இடத்தில் தம்பி. பதவியும் வியாபாரமும் ஒரே வீட்டுக்குள் குடியிருப்பதை இந்தக் கரை பைவாவுக்கு 250 ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டது.

குதிரைப் பணம் கைமாறும்போது மனிதன் சோதனைக்கு உள்ளாகிறான் என்பதைத் தமிழ் மனம் கதையாகவே வைத்திருக்கிறது. பாண்டியனின் அமைச்சராயிருந்த மாணிக்கவாசகர் குதிரை வாங்கக் கொண்டுபோன பொன்னைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவிட்டார், நரிகள் பரிகளாயின, பரிகள் மறுபடி நரிகளாகி ஊளையிட்டன. பக்தர்களுக்கு இது இறைவனின் விளையாட்டு. எனக்கு இன்னொன்றும் தெரிகிறது. ஓர் அரசு தன் பொன்னில் எவ்வளவு பெரிய பங்கைக் குதிரைக்கென்று ஒதுக்கி, எவ்வளவு நம்பி ஒருவர் கையில் கொடுத்தனுப்பியிருந்தால் இப்படி ஒரு கதை பிறந்து, மதுரையில் ஆண்டுதோறும் விழாவாக நடக்கும்!

போர்த்துக்கீசியர் இந்த வியாபாரத்தின் கழுத்தைப் பிடித்தார்கள். 1510இல் கோவாவைக் கைப்பற்றிய அல்புகெர்க், மேற்குக் கரைக்கு வரும் குதிரையெல்லாம் கோவாவில்தான் இறங்க வேண்டும் என்ற நிலையை உருவாக்கினார். ஒரு குதிரைக்கு 40 பர்தாவ் என்ற பொற்காசு அளவுக்குச் சுங்கம் வாங்கினார்கள். குதிரை யாருக்குக் கிடைக்கிறதோ அவரே களத்தில் வெல்வார் என்பதால் அது அரசியல் கருவியுமாயிற்று. விஜயநகரத்தில் 1530களில் குதிரை விற்ற போர்த்துக்கீசியர் நூனிஸ். சாளுவ நரசிம்மர் காலத்தில் மூன்று குதிரைக்கு ஆயிரம் பர்தாவ் என்று, உயிரோடு வந்தாலும் செத்து வந்தாலும் வாங்கினார்கள் என்று அவர் எழுதுகிறார். கடலில் செத்ததற்கு வாலைக் கொண்டுவந்து காட்டினால் போதும், காசு கிடைக்கும். 1547இல் ஆளுநர் ஜோன் டி காஸ்ட்ரோ சதாசிவ ராயரோடு செய்த உடன்படிக்கையில், கோவாக் குதிரைகள் விஜயநகரத்துக்கே, பீஜப்பூருக்கு இல்லை என்று ஒரு விதியே வைத்தார்கள். அன்றைக்குக் குதிரை, உப்பைப்போல் அரிசியைப்போல் ஒரு சரக்கு இல்லை. அதை விற்பவன் தான் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டதை விற்ற அன்றே அறிவித்துவிடுகிறான்.

இனி இந்தக் கரைக்கு வருவோம். முத்துக்கரையில் சிலுவை வந்த கதையிலும் ஒரு குதிரை வியாபாரி இருக்கிறார். ஜான் டி குரூஸ் மலையாளி. கோழிக்கோட்டுச் சாமூதிரியால் இளம் வயதில் 1513இல் லிஸ்பனுக்கு அனுப்பப்பட்டு, அங்கே கிறித்தவராகித் திரும்பியவர். வியாபாரத்தில் நொடித்துக் கடனாளியானவர். 1530களின் நடுவில் குதிரை விற்கக் குமரிமுனைப் பக்கம் வந்து தங்கியிருந்தார். அப்போது தூத்துக்குடியில் பரதவருக்கும் முஸ்லிம் கடலோடிகளுக்கும் பெரிய பகை மூண்டிருந்தது. ஒரு பரதவரின் காது கம்மலோடு அறுக்கப்பட்டதிலிருந்து பகை கொலைகளாக வளர்ந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. வழி தெரியாமல் தவித்த பரதவத் தலைவர்களிடம், கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரிடம் அடைக்கலம் கேளுங்கள், கிறித்தவராகுங்கள் என்று யோசனை சொன்னவர் இவர்தான். தலைவர்கள் கொச்சிக்குப் போனார்கள். 1536, 1537இல் கரை முழுவதும் திருமுழுக்கு நடந்தது. சுமார் 20,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எண். 1538இல் போர்த்துக்கீசியத் தளபதி மார்ட்டின் அல்போன்சோ டி சூசா இராமேசுவரத்துக்கு எதிர்க்கரையிலுள்ள வேதாளையில் மரைக்காயர் கப்பல் படையை முறியடித்தார். அதற்குப் பின் முத்துப் பார்கள் போர்த்துக்கீசியர் பாதுகாப்பில் வந்தன.

இதை ஓர் ஒப்பந்தமாகப் பார்க்க வேண்டும். பரதவர் கொடுத்தது மதமாற்றம் மட்டும் இல்லை. ஆண்டுதோறும் கப்பம் கொடுத்தார்கள். முத்துக் குளிப்பில் பங்கு கொடுத்தார்கள். பதிலுக்கு அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: தாக்குதல் வந்தால் காக்க ஒரு கப்பித்தான். வைப்பார், வேம்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு என்று ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு குடும்பமும் அந்தக் காவலுக்கு முத்தாலும் மூச்சாலும் விலை கொடுத்தது. பார் மேல் தோணி நிற்க, இடுப்பில் கயிறும் காலில் கல்லும் கட்டிக்கொண்டு குளியாளி இறங்குவான். கயிற்றைப் பிடித்து மேலே நிற்பவன் அவன் மச்சானாகவோ சம்மந்தியாகவோ இருப்பான். அப்படி எடுத்த சிப்பியிலிருந்துதான் கப்பித்தானின் சம்பளம் போனது.

அந்தக் கப்பித்தான் பதவியோ, போர்த்துக்கீசிய முறைப்படி, பெரும்பாலும் மூன்று ஆண்டுக்கு ஒருவருக்கு அரசர் தரும் கொடை. செய்த சேவைக்குப் பரிசு. சம்பளம் சொற்பம். போவதும் வருவதும் கடல் கடந்து. நோயில் சாகிறவர்கள் பலர். உயிரோடு இருக்கிற மூன்று ஆண்டுக்குள் சம்பாதித்துக்கொள் என்பதுதான் எழுதப்படாத விதி. வரி வாங்குவதும் அவரே, நீதி சொல்வதும் அவரே, படை நடத்துவதும் அவரே, வியாபாரம் செய்வதும் அவரே. அரசர் சரக்கு எது, கப்பித்தான் சரக்கு எது என்று பிரித்துப் பார்க்க அந்தக் கரையில் வேறு அதிகாரி யாரும் இல்லை. பைவா 1543 முதல் இந்தப் பதவியில் இருந்தார்.

1544இல் தெற்கே போர் மூண்டது. ராமராஜ விட்டலரின் தலைமையில் விஜயநகரப் படை கீழே இறங்கியது. இங்குள்ளவர்கள் அவர்களை வடுகர் என்றார்கள். சவேரியார் கடிதங்களில் அது ‘படகா’ என்று வருகிறது. திருவிதாங்கூர் அரசர் ஒரு பக்கம். பாண்டிய மரபில் எஞ்சியிருந்த குறுநில அரசர்கள் இன்னொரு பக்கம். அவர்களில் ஒருவர் கயத்தாற்றில் இருந்த வெட்டும் பெருமாள். சவேரியார் பெயரைத் தாறுமாறாக எழுதியதால் நெடுங்காலம் அவர் யார் என்றே தெரியாமல் இருந்தது. சவேரியார் வாழ்க்கையை விரிவாக எழுதிய ஜெர்மானிய இயேசு சபைத் துறவி ஷுர்ஹாமர்தான் அவர் கயத்தாற்று வெட்டும் பெருமாள் என்று துலக்கினார். கட்டபொம்மன் தூக்கிலேற்றப்பட்ட ஊராகவே இன்று நாம் கயத்தாற்றை அறிகிறோம். அதற்கு 255 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த அரசர் இந்தக் கரைக்கு வரும் குதிரைகளுக்காகக் காத்திருந்தார்.

ஜூனில் வடுகர் குமரிமுனைப் பக்கத்து ஊர்களைச் சூறையாடினார்கள். மக்கள் கடலுக்குள் இருக்கும் பாறைகளில் ஏறி ஒளிந்தார்கள். சிலர் பசியிலும் தாகத்திலும் செத்தார்கள். சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். கச்சான் எதிர்த்தது. ஆனி மாதத்துக் கச்சானை அந்தக் கரையில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துடுப்பு போட்டும் கயிறு கட்டி இழுத்தும் தோணிகள் நகரவில்லை. கடைசியில் அவர் தரை வழியே நடந்து போனார்.

இந்தப் பின்னணியில்தான் பைவாவின் வியாபாரம் நடந்தது. சவேரியார் கடிதங்களோடு அக்கால ஆவணங்களையும் சேர்த்துப் படித்த வரலாற்றாசிரியர்கள் அவர் மேல் வைக்கும் முக்கியக் குற்றச்சாட்டு, அவர் வெட்டும் பெருமாளுக்குக் குதிரை விற்றார் என்பது. வெட்டும் பெருமாள் திருவிதாங்கூர் அரசரின் பகைவர். திருவிதாங்கூர் அரசரோ போர்த்துக்கீசியரின் நட்பில் இருந்தவர். கரையின் தென்பகுதி அவர் ஆட்சியில் இருந்தது. அவர் ஆட்களோடு சமாதானம் பேசிப் பேசித்தான் சவேரியார் மக்களை ஊர் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் கரையின் காவலராக அறியப்பட்டவர் ஒருபக்கத்துக்குப் போர்க்குதிரை கொடுத்தால், மற்றப் பக்கம் அதை எப்படி எடுத்துக்கொள்ளும்? தனியாள் வியாபாரம் என்று விட்டுவிடுமா? கோடையில் நடந்த விற்பனைக்கும் செப்டம்பரில் எரிந்த கப்பலுக்கும் நடுவே உள்ள ஒவ்வொரு கண்ணியையும் கையால் தொட்டுக் காட்டும் ஆவணம் தேவையில்லை. ஆயுதம் விற்பவன் நடுநிலையாளன் இல்லை என்பது களத்தில் நின்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பைவாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சவேரியாருக்கு இதில் சந்தேகமே இல்லை. தீவில் தவித்த அதே ஆளுக்குச் செப்டம்பரில் தண்ணீர் அனுப்பியவர், டிசம்பரில் கொச்சியிலிருந்து மான்சிலாசுக்கு எழுதியபோது வேறு மனிதராகப் பேசுகிறார். இந்தக் கரையில் பைவா அடித்த கொள்ளைகளையும், அவர் பேராசையால் தூத்துக்குடியில் நேர்ந்த கேடுகளையும் சாவுகளையும் நினைத்து மனச்சாட்சியைச் சுத்தம் செய்துகொள்ளச் சொல்லுங்கள் என்கிறார். போர்த்துக்கீசியரைக் கொன்றவர்களிடம் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள், இரத்தத்தைக் காசுக்கு விற்பது எவ்வளவு இழிவு என்று அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்கிறார். திருந்துவார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை, ஆகவே நான் நேரில் எழுதவில்லை. அரசருக்கும் ஆளுநருக்கும் எழுதுவேன் என்றும் சேர்க்கிறார். செப்டம்பர்க் கடிதத்தில் குற்றம் பற்றி ஒரு சொல்லும் இல்லை, தண்ணீர் மட்டுமே இருக்கிறது. டிசம்பர்க் கடிதத்தில் இரக்கம் வற்றிவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது அவர்மேல் எனக்கு மதிப்பு கூடுகிறது. செத்துக்கொண்டிருப்பவனிடம் கணக்குக் கேட்கவில்லை. பிழைத்த பின் கேட்டார்.

ஆனாலும் சவேரியார் சொல்லை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. அவருக்கும் இதில் ஒரு பக்கம் இருந்தது. திருவிதாங்கூர் அரசரின் இசைவோடுதான் அந்த ஆண்டு நவம்பர், டிசம்பரில் அவர் மேற்குக் கரை முக்குவர் ஊர்களில் ஒரே மாதத்தில் 10,000 பேருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். வெட்டும் பெருமாளுக்குப் போன ஒவ்வொரு குதிரையும் அந்த நட்புக்குக் குழி. பைவா வேறோர் அரசருக்கு, போர்த்துக்கீசியரோடு பகை இல்லாத ஒருவருக்கு விற்றிருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்குமா என்று கேட்பது நியாயம்தான். வந்திருக்கும் என்பதே என் முடிவு. ஏனென்றால் சவேரியாரின் கோபம் குதிரையோடு நிற்கவில்லை. கரையோர மக்களைக் கட்டி இழுத்துப் போன போர்த்துக்கீசியரைப் பற்றியும், கட்டாய விலைக்குப் பொருள் பிடுங்கியவர்களைப் பற்றியும் அவர் அந்த ஆண்டு முழுதும் எழுதிக்கொண்டே இருந்தார். 1545 ஜனவரியில் லிஸ்பனிலிருந்த தம் சபைத் தோழர் சீமோன் ரொட்ரிகசுக்கு எழுதும்போது, நீங்கள் நேசிக்கும் யாரையும் அரச உத்தியோகத்தோடு இந்தியாவுக்கு அனுப்பிவிடாதீர்கள் என்றே எச்சரித்தார். கொள்ளையடித்தல் என்ற வினைச்சொல்லை எல்லாக் காலத்திலும் எல்லா இடத்திலும் வைத்து இங்கே பாடம் படிக்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு.

அந்தக் கடிதம்தான் தனிமனிதக் குற்றம் என்ற வாதத்தை உடைக்கிறது. பைவா ஒரு கெட்ட கப்பித்தான் என்று சொல்லி முடித்துக்கொள்வது பழைய வரலாறுகளின் வழக்கம். அப்படி எழுதினால் போர்த்துக்கீசிய அரசின் பெயர் கெடாது, சபையின் பெயரும் கெடாது. ஆனால் அவருக்கு மேலே இருந்தவர் யார்? ஆளுநர் மார்ட்டின் அல்போன்சோ டி சூசா. வேதாளையில் வென்ற அதே ஆள். திருப்பதிக் கோயில் செல்வத்தைக் குறிவைத்துக் கோவாவிலிருந்து படையோடு கிளம்பி, அது முடியாமல் போகவே, கொல்லம் பக்கத்திலிருந்த தேவலக்கரைக் கோயிலைக் கொள்ளையடித்தவர். தலை அப்படி இருந்தால், தூரத்துக் கரையில் இருக்கும் வால் எப்படி இருக்கும்?

இன்னொரு நிகழ்ச்சி இதைவிடத் தெளிவாகப் பேசுகிறது. 1544 கடைசியில் யாழ்ப்பாணத்துச் சங்கிலி அரசர் மன்னாரில் புதிதாகக் கிறித்தவரானவர்களைக் கொன்றார். 600க்கு மேல் என்பது வழக்கமான எண். சவேரியார் பழிவாங்கும் படையெடுப்புக்காக நாகப்பட்டினம் வரை போய்க் காத்திருந்தார். படை போகவில்லை. பெகுவிலிருந்து சரக்கோடு வந்த போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தட்டி, சரக்கு அந்த அரசர் கையில் சிக்கியிருந்தது. சரக்கு திரும்பும் வரை சண்டை வேண்டாம் என்றார்கள். 600 உயிருக்கும் ஒரு கப்பல் சரக்குக்கும் எது கனம் என்பதை அரசே நிறுத்துப் பார்த்துச் சரக்குப் பக்கம் சாய்ந்தது. பைவா செய்ததும் இதே நிறுவைதான். ஒரே வேறுபாடு, தராசு அவர் சொந்தத் தராசு.

படைத்தலைவர்கள் குதிரையில் காசு பார்ப்பதை மற்ற அரசுகளும் அறிந்திருந்தன. சில தடுக்கவும் முயன்றன. டில்லியில் அலாவுதீன் கில்ஜி குதிரைகளுக்குச் சூடு போட வைத்தார். ஷெர் ஷா அதை மீட்டார். 1570களில் அக்பர் அதை முழு அமைப்பாக்கினார். மன்சப்தார் எனப்பட்ட படைப் பதவியாளர் தம் பெயரில் இத்தனை குதிரை வைத்திருப்பதாகப் பணம் வாங்கிவிட்டு, ஆய்வு நாளில் பக்கத்து ஆளின் குதிரையை இரவல் வாங்கி நிறுத்துவார்; நோஞ்சான் மட்டக் குதிரையை அரபுக் குதிரை என்பார். அதைத் தடுக்கத்தான் குதிரையின் தொடையில் சூட்டுக்குறியும், வீரனின் முக அடையாளப் பதிவும். எதிர்ப்புக் கிளம்பியது, மோசடியும் ஒழியவில்லை. ஆனால் இது ஒரு பிழை, தடுக்க வேண்டியது என்ற அறிவு அந்த அரசுக்கு இருந்தது.

சென்னைப் பட்டணத்தில் 1777இல் நடந்தது வேறு வகை. ஆர்க்காட்டு நவாபின் குதிரைப்படை சம்பளம் கிடைக்காமல் கொதித்தது. படையைக் கலைத்துக் கணக்குத் தீர்ப்பதற்கு 4 லட்சம் வராகன் கடன் கொடுப்பதாகக் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த சில வெள்ளைக்காரர்கள் முன்வந்தார்கள். கடனுக்கு ஈடாக நவாபின் நில வருமானம் அவர்கள் கைக்குப் போனது; குதிரை வீரர்களோ பிறகும் நெடுநாள் பணத்துக்கு அலைந்தார்கள். 1785இல் எட்மண்ட் பர்க் லண்டன் பாராளுமன்றத்தில் ஆர்க்காட்டுக் கடன்களைப் பற்றி ஆற்றிய நீண்ட உரையில் இந்தக் குதிரைப்படைக் கடனும் இடம்பெற்றது. கம்பெனி ஊழியனின் சொந்தப் பை எங்கே முடிகிறது, கம்பெனியின் பை எங்கே தொடங்குகிறது என்று பர்க் கேட்ட கேள்வியைத்தான் 240 ஆண்டுக்கு முன் சவேரியார் வேறு மொழியில் கேட்டார்.

கரைக்கே திரும்புகிறேன். பைவாவோடு இந்தக் கதை முடிந்திருந்தால் தனிமனிதக் குற்றம் என்ற வாதத்துக்குக் கொஞ்சம் இடம் இருந்திருக்கும். முடியவில்லை. அவருக்கு அடுத்த ஆண்டுகளில் வேதாளையில் இருந்த போர்த்துக்கீசியக் கப்பித்தான் இராமேசுவரத்துக்குப் போகும் யாத்திரிகர்களை மறித்துப் பணம் வாங்க ஆரம்பித்தார். கோயிலாருக்கும் வடுகப் படைக்கும் அது பொறுக்கவில்லை. 1549இல் வேதாளை தாக்கப்பட்டது. கப்பித்தானும் அவர் ஆட்களும் படகேறித் தப்பினார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் படகில் ஏற்றிவிட்டுத் தாம் கரையில் நின்ற அந்தோணி கிரிமினாலி என்ற இயேசு சபைக் குரு ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார். தூத்துக்குடியில் குதிரை, வேதாளையில் யாத்திரைக் காசு. இரண்டிலும் காசு கப்பித்தானுக்கு, அடி கரைக்கு. வேதாளைக்கு அக்கரையில் தங்கச்சிமடத்தில் குதிரை மேல் அமர்ந்த சந்தியாகப்பருக்கு ஒரு கோயில் இருக்கிறது. வேற்று மதத்தவரும் வந்து கும்பிடும் கோயில். குதிரை வீரர்களால் அவ்வளவு பட்ட ஒரு கரை, குதிரை வீரராக நிற்கும் ஒரு புனிதரைத் தன் காவலராக ஏற்றுக்கொண்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்கிறது.

பணம் வேறு விதமாகவும் போயிருக்கலாம் என்பதற்கு அதே கரையில், அதே ஆண்டுகளில் ஒரு சாட்சி உண்டு. முத்துக்கரை வருமானத்தில் 4,000 பணம் போர்ச்சுகல் அரசியின் பாதணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதைத் தரும்படி சவேரியார் அரசி கத்தரீனாவிடம் கேட்டார், அரசி கொடுத்தார். ஊர் ஊராகப் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார்களுக்கு அந்தப் பணம் சம்பளமாயிற்று. ஒரு தொகை எந்தப் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைவிட அதைக் கேட்டு வாங்க ஆள் இருக்கிறாரா என்பதே முக்கியமாகிறது. பைவாவின் குதிரைப் பணத்தை அப்படிக் கேட்டு வாங்க அந்தக் கரையில் யாருக்கும் அதிகாரம் இல்லை. மான்சிலாஸ் ஓர் எளிய துறவி. பட்டங்கட்டிகள் கப்பம் கட்டுபவர்கள். ஆளுநர் கோவாவில் இருந்தார், அவர் கையும் சுத்தமில்லை.

ஆகவே இது பைவாவின் பாவமா, பதவியின் பாவமா என்று பிரித்துக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பதவி கதவைத் திறந்து வைத்திருந்தது. உள்ளே போனது அவர் கால்தான். அதே பதவியில் அதே சம்பளத்தில் இருந்தவர்கள் எல்லாரும் போர் நடுவே குதிரை விற்கவில்லை. அவரைப் போல விற்றவர்களை நிறுத்த அந்தப் பதவியில் ஒரு பூட்டும் இல்லை.

இந்தப் பேச்சு முழுவதிலும் காணாமல் போகிற குரல் பரதவருடையது. சவேரியார் எழுதினார், ஆளுநர்கள் எழுதினார்கள், நூனிஸ் எழுதினார், வஸ்ஸாஃப் எழுதினார். தூத்துக்குடியிலிருந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தோணியேறிய பெண் எழுதவில்லை. அவளுக்குக் குதிரை சொந்தமில்லை. அவள் வீட்டில் யாரும் குதிரை ஏறியிருக்க மாட்டார்கள். அவள் ஊர் எரிந்தது வேறு யாரோ குதிரை விற்றதால்.

அவள் இறங்கிய தீவு எப்படி இருந்திருக்கும் என்பதை இன்றும் பார்க்கலாம். பவளப்பாறை மேல் மணல் படிந்த, ஆளுயரத்துக்கு மேல் எழும்பாத திட்டு. புதர், கொஞ்சம் அடம்பங்கொடி. நிழலுக்கு மரம் அரிது. நண்பகலில் மணல் காலைச் சுடும். கையால் தோண்டினால் சில இடத்தில் குடிக்கக்கூடிய ஊற்று, சில இடத்தில் வாயில் வைக்க முடியாத உப்பு. புரட்டாசிக்கு முந்திய வெயில், மழை வர இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. கரையைப் பார்த்தால் புகை தெரிந்திருக்கும். கரைக்குப் போனால் குதிரைகள். புன்னைக்காயல் தோணியும் வேம்பார்த் தோணியும் தண்ணீரோடு வருமா என்று வடக்கையும் தெற்கையும் பார்த்துக்கொண்டு அவர்கள் அந்த மணலில் உட்கார்ந்திருந்தார்கள். சில அடி தள்ளி, அதே தாகத்தோடு, குதிரை விற்ற கப்பித்தானும் உட்கார்ந்திருந்தார்.